தாலி எடுக்கப் போன அறுநூறு சிசி

என் கால்கள் தரையைத் தொடாத ஒரு மோட்டார் சைக்கிளை, ஐம்பத்திரண்டாவது வயதில், முழு சுயநினைவோடு, யாரும் வற்புறுத்தாமல் வாங்கினேன். வீட்டில் சொன்னது, "சும்மா பார்த்துவிட்டு வருகிறேன்." பெண் பார்க்கப் போகிறவர்களும் இப்படித்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். அவர்களிலாவது பாதிப் பேர் வெறுங்கையோடு திரும்பி வருவதுண்டு.

காட்டுப் பாதையில் ஓட்டுவதற்கென்று ஜப்பானில் செய்த வண்டி. அறுநூறு சிசி, ஒற்றை சிலிண்டர், முன்சக்கரம் மாட்டுவண்டிச் சக்கரத்துக்குத் தம்பி. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பிய ஒரு கப்பல் என்ஜினீயர், வீட்டுச் சாமான்களோடு இதையும் கொண்டுவந்து, பல வருஷம் அதன் மேல் ஈரத் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கொச்சியில், வெலிங்டன் தீவில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் குமாஸ்தா. வேலை நிமித்தமாக நான் கடந்த ஆகக் கரடுமுரடான நிலப்பரப்பு, துறைமுக கேட்டுக்கு முன்னால் இருக்கும் வேகத்தடை.

நான் குடியிருக்கும் மட்டாஞ்சேரியில் காடு கிடையாது, மலை கிடையாது. அரிசிக் குடோன், மிளகுக் குடோன், நடுவே லாரி வந்தால் மனிதன் சுவரொட்டியாக மாறவேண்டிய சந்துகள், அவ்வளவுதான். ஆனாலும் அந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தால் லாரி டிரைவரின் முகம் என் முகத்துக்கு நேரே வரும். ஆயுள் முழுக்க பஸ் கண்டக்டரின் சட்டைப் பொத்தானைப் பார்த்தே பிரயாணம் செய்தவனுக்கு இது சின்ன விஷயமில்லை. குழியில் இறங்கினால் குழி இருந்தது தெரியாது. தண்ணீரில் இறங்கினால் மற்றவர்கள் நிற்க, நாம் போய்க்கொண்டே இருக்கலாம். அதன் சத்தம் காதில் விழாது, நெஞ்செலும்பில் விழும். படித்த புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து கொடுக்காத ஒரு கம்பீரத்தை அந்த ஒரு சிலிண்டர் கொடுத்தது.

குறைகளுக்கு வருகிறேன். என் உயரம் ஐந்தடி மூன்றங்குலம். வண்டியை நிறுத்தவேண்டுமானால் இடது பக்கம் கால் ஊன்ற ஏதாவது உயரமாக இருக்கவேண்டும். அதனால் பஜாரில் மூட்டை இறக்கும் மேடைகள் அத்தனையும் எனக்கு மனப்பாடம். எனக்கு வேலை இருக்கும் கடையில் நிறுத்தமாட்டேன், மேடை இருக்கும் கடையில் நிறுத்துவேன். இப்படி வேண்டாத சுக்கு எவ்வளவோ வாங்கியிருக்கிறேன்.

அடுத்த குறைதான் இந்தக் கதைக்கு முக்கியம். வண்டிக்கு செல்ஃப் கிடையாது, உதைக்கவேண்டும். ஆறிக் கிடக்கும்போது இரண்டாம் உதையில் எழுந்துவிடும். நன்றாகச் சூடேறியபின் அணைத்தாலோ, யார் உதைத்தாலும் எழாது. ஒரு சாயா குடித்து, பத்திரிகையில் செத்தவர்கள் படம் வரும் சரமப் பக்கம்வரை படித்து முடித்தபிறகுதான் மனசு இரங்கும். தோப்பும்படி மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது ரோகமல்ல சேட்டா, சுபாவம்" என்றான். என் மனைவி இன்னும் தெளிவாகச் சொன்னாள்.

"கோபம் வந்தா ஆறுற வரைக்கும் பேசாது. உங்க அக்கா மாதிரி."

அந்த அக்காவின் மகளுக்குத்தான் தை மாதத்தில் கல்யாணம். பையன் தென்காசிப் பக்கம். மண்டபம், ஜங்காரில், அதாவது வண்டிகளையும் ஏற்றிப்போகும் தட்டைப் படகில், ஏறிக் காயலைக் கடந்தால் அக்கரையில் வைப்பினில், படகுத்துறையிலிருந்து கூப்பிடு தூரம். எங்கள் தெரு முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள். எந்தக் காலத்திலோ முனிசிபாலிட்டி வேலைக்கென்று வந்து, வேலையோடு இங்கேயே ஒட்டிக்கொண்டவர்கள். தெரு முழுவதும் விடிகாலையில் ஒரே பஸ்ஸில் ஏறி மண்டபத்துக்குப் போயிற்று. பஸ்ஸில் எனக்கும் இடம் இருந்தது. தாய்மாமன் பஸ்ஸில் கூட்டத்தோடு வந்து இறங்குவதா என்று நான் மட்டும் என் வண்டியில் போனேன். பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அந்த சீட்டில் ஏறுவதைப் பற்றி விவரிக்க மாட்டேன்.

தெருக் கோடியில் ஒரு மாரியம்மன் கோயில். எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மாப்பிள்ளை வீட்டார் தாலியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து அம்மன் காலடியில் வைப்பார்கள். இரவு முழுக்க அது அம்மனோடு இருக்கும். காலையில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ வந்து, "எங்க தாலியைக் குடுங்க" என்று வாய்விட்டுக் கேட்கவேண்டும். பூசாரி எடுத்துக் கொடுப்பார். கேட்காமல் கொடுப்பதில்லை.

தென்காசிக்காரர்கள் முதல் பாதியை மனமுவந்து செய்தார்கள். இரண்டாம் பாதியை அவர்களாகவே ஒரு மாதிரி புரிந்துகொண்டார்கள். உங்கள் கோயில், உங்கள் அம்மன். வைத்தது நாங்கள், எடுத்து வருவது நீங்கள்தானே? இரண்டு பக்கமும் மரியாதை தெரிந்த மனிதர்கள். மரியாதை தெரிந்தவர்கள் இதையெல்லாம் கேட்டுக்கொள்ளமாட்டார்கள். பாயசம் ஒன்றா இரண்டா என்று மூன்று தடவை போனில் பேசினோம். தாலியைப் பற்றி யாரும் பேசவில்லை.

மண்டபத்தில் நாதஸ்வரக்காரர்கள் சீவாளியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, அக்கா என்னைக் கண்ணால் கூப்பிட்டாள். சமையல்கட்டுக்குப் பின்னால் பூசாரி நின்றிருந்தான். அவன் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன், இன்றும் என்னை 'அளியா', மச்சான், என்றுதான் கூப்பிடுவான். வாரத்தில் ஆறு நாள் கார்ப்பரேஷன் பம்ப் ஹவுஸ், மிச்ச நேரம் அம்மன். ஆள் கனமாக இருப்பான்.

"தட்டு எங்கன்னு இவன்கிட்ட கேளு" என்றாள் அக்கா. குரலை அடக்கியதில் அவள் கழுத்து நரம்பு எழும்பி நின்றது.

"கோயில்லதான் இருக்கு" என்றான் பூசாரி. "பூட்டும்போதுகூட பார்த்தேன்."

"பார்த்தவன் எடுத்துட்டு வரவேண்டியதுதானேடா?"

"கேக்காம எப்படிக்கா எடுக்கிறது? அவங்க வந்து கேக்கணும், நான் கொடுக்கணும். அதல்லே முறை? வருவாங்க வருவாங்கன்னு வாசலைப் பார்த்துட்டே இருந்தேன். பஸ்ஸுக்காரன் ஹாரன் அடிச்சான், பூட்டிட்டு ஓடி வந்தேன். பின்னாலே வேற வண்டியிலே வந்து கேப்பாங்கன்னு..."

"பூட்டிட்டு வந்தா யார்கிட்டடா கேப்பாங்க? பூட்டுகிட்டயா?"

அவன் யோசித்தான். அந்தக் கோணத்தில் அவன் பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

முகூர்த்தம் ஒன்பதரையோடு முடிகிறது. எட்டு மணி தாண்டிவிட்டது. அக்கா என் கையைப் பிடித்தாள். "சம்பந்தி வீட்டுக்குத் தெரியக்கூடாதுடா. தாலியை மறந்துட்டு வந்த கூட்டம்னு ஒரு பேர் விழுந்தா, என் பொண்ணு அங்க ஆயுசுக்கும் கேக்கணும்." அக்கா கோபப்பட்டு எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பயந்து பார்த்தது அன்றுதான்.

சாவியைக் கொடு, நான் போகிறேன் என்றேன். கர்ப்பக்கிருகத்தில் தன்னைத் தவிர யாரும் கால் வைக்கக்கூடாது என்றான் பூசாரி. அதிலும் முறை.

என் மனைவி ஒரு யோசனை சொன்னாள். "ரெண்டு பேரும் ஜங்கார்ல நடந்து ஏறுங்க. அந்தப் பக்கம் ஆட்டோ பிடிங்க."

"நம்ம தெருவில தண்ணி ஏறியிருக்கு. எந்த ஆட்டோ உள்ள வரும்?" என்றேன். அது பொய்யில்லை. அந்த மாதங்களில் மழையே இல்லாமல், சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே, வேலியேற்றத்தில், அதாவது கடல் ஏறும் நேரத்தில், காயல் சாக்கடை வழியாக எங்கள் தெருவுக்குள் வந்து நிற்கும். முழங்கால் தண்ணீரில் போகக்கூடிய ஒரே வண்டி என்னுடையது. இப்படி ஒரு நாளுக்காகத்தானே வாங்கினேன் என்று தோன்றியதையும், அந்த நெருக்கடியில் மனசு ஓரமாக ஒரு துள்ளு துள்ளியதையும் மறைப்பதற்கில்லை. மனைவி அதைப் பார்த்துவிட்டாள்.

வாசலுக்குப் போகும் வழியில் மணப்பெண் அறை. பாதி முகம் மேக்கப்போடு அக்கா மகள் எட்டிப் பார்த்தாள்.

"மாமா, எங்க போறீங்க?"

"பெட்ரோல் போட."

"இப்பவா?"

பூசாரியைப் பின்னால் ஏற்ற, மண்டபப் படிக்கட்டின் ஓரமாக வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவன் ஏறியதும் பின்பக்க ஸ்பிரிங் ஒரு பெருமூச்சு விட்டது. இரண்டாம் உதையில் என்ஜின் எழுந்தது. ஜங்காரில் கார்கள் வரிசை கட்டி நிற்க, பக்கவாட்டில் நுழைந்து ஏறினோம். பலகையில் ஏறியதும் என்ஜினை அணைக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். அணைத்தேன். ஃபோர்ட் கொச்சிக் கரையில் உதைத்தேன், எழுந்தது. இன்னும் சூடேறவில்லை, அவ்வளவுதான். நான் அதை வண்டி நிலைமையின் தீவிரத்தைப் புரிந்துகொண்டதாக எடுத்துக்கொண்டேன்.

மட்டாஞ்சேரிக்குள் திரும்பியபோது தெருவில் வானம் கிடந்தது. அவ்வளவு தெளிந்த தண்ணீர். ஒரு ஆட்டோ நடுவில் நின்றுபோய், டிரைவர் சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருந்தார். முதல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைத் தளர்த்தாமல் இறங்கினேன். சைலன்சரில் உப்புத்தண்ணீர் பட்டுச் சீறியது. நின்றால் விழுவேன், விழுந்தால் இரண்டு பேரும் சாக்கடையில். பட்டு வேட்டியின் நுனி தண்ணீரில் மிதந்து பின்னாலேயே வந்தது.

"அளியா, அடுத்த வீட்டுக்கு முன்னாடி சாக்கடை மேல ஸ்லாப் இல்ல" என்றான் பூசாரி காதருகே.

"எந்தப் பக்கம்?"

"இல்லாத பக்கம்தான்."

எப்படியோ கோயில் வந்தது. கோயில் படியில் இடது காலை ஊன்றிக்கொண்டேன். என்ஜினை அணைக்கக்கூடாது. இப்போது நன்றாகச் சூடேறிவிட்டது. ஆக்சிலேட்டரை விட்டால் சோர்கிறது, பிடித்தால் உறுமுகிறது. பூசாரி இறங்கி, கால் கழுவினான். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, செம்பில் தண்ணீர் எடுத்து, கால் கழுவினான்.

"டேய், வேகம்!"

"இதிலெல்லாம் வேகம் பாடில்லடா, ஆகாது."

உள்ளே மணி அடித்தது. கற்பூர வாசனை வந்தது. தாலியை எடுத்துக்கொண்டு ஓடி வரவேண்டியவன் பூஜை செய்துகொண்டிருக்கிறான். சிலிண்டரின் சூடு வேட்டியைக் கருக்கித் தொடையை வேகவைத்தது. கடிகாரத்தைப் பார்க்க கையை எடுக்க முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. உள்ளிருந்து அவன் குரல் வந்தது.

"அளியா, நீ கேக்கணும்."

"என்னது?"

"மாப்பிள்ளை வீட்டுல யாரும் இல்ல. யாராவது கேட்டாத்தானே நான் எடுக்கலாம்? கேளு."

நான் அந்தத் தண்ணீர்த் தெருவில், அறுநூறு சிசி உறுமலுக்கு மேல் கத்தினேன். "எங்க தாலியைக் குடுங்க!" நின்றுபோன ஆட்டோக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

பூசாரி பித்தளைத் தட்டோடு வந்தான். தாலி, பூ, மஞ்சள், வெற்றிலை, ஒரு முழுத் தேங்காய். இரண்டு கையாலும் ஏந்தியிருந்தான்.

"தாலியை மட்டும் மடியில கட்டிக்கடா. தட்டு எதுக்கு?"

"மடியில கட்டறதுக்கு இதென்ன பஸ் காசா?"

தட்டை என் முதுகுக்கும் அவன் வயிற்றுக்கும் நடுவே அணைத்துக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு கையும் தட்டில், அதனால் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. நான் பிரேக் போட்டால் தேங்காய் என் தண்டுவடத்தை இடிக்கும். அது இடிக்காமல் நான் ஓட்டிய அந்த மைல்களைப் போல் கவனமாக வாழ்க்கையில் எதையும் செய்ததில்லை.

துறையில் ஜங்கார் கிளம்பும் நிலையில் இருந்தது. கையைக் காட்டிக்கொண்டே பலகையில் ஏறினேன். இரும்புப் பலகை, காயல் நனைத்த பாசி. அது அலையில் ஒரு சாண் இறங்கியதும் முன்சக்கரம் வழுக்கியது. இடது காலைப் போட்டேன். கீழே ஒன்றும் இல்லை. என் கால் இறங்குகிற தூரத்தில் உலகம் இல்லை. வண்டி காயலின் பக்கம் சாயத் தொடங்கியது, அவசரமே இல்லாமல், பெரிய மனிதர்கள் சோபாவில் சாய்வதுபோல.

பூசாரி தட்டைத் தலைக்கு மேல் தூக்கினான். தேங்காய் உருண்டு, தட்டின் விளிம்பில் ஒரு கணம் யோசித்து, காயலில் விழுந்தது. யாரோ இரண்டு பேர் ஓடிவந்து ஹாண்டில்பாரைப் பிடித்தார்கள். நான் தண்ணீரைப் பார்க்கவில்லை. திரும்பி மேலே பார்த்தேன். தட்டில் மஞ்சள் சரடு தெரிந்தது. அதன் நுனியில் பொன்னும் தெரிந்தது.

"உண்டா?" என்று கேட்டேன். அந்த நேரத்தில் தமிழ் வரவில்லை.

"உண்டு" என்றான்.

கயிறு பிடிக்கிற ஆள் வந்து, "சேட்டா, என்ஜின் ஓஃப் செய்யூ" என்றார்.

"அணைச்சா எழாது."

"ஓஃப் செய்யூ சேட்டா."

கல்யாணம், தாலி, முகூர்த்தம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். தட்டைக் காட்டினேன். அவர் தட்டைப் பார்த்துப் பயபக்தியோடு நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். பிறகு சாவியை அவரே திருப்பி அணைத்தார். அவருக்கும் ஒரு முறை இருக்கிறது.

காயலைக் கடக்கும் அந்தச் சில நிமிஷங்களும் நான் என்ஜினுக்கு வேட்டி நுனியால் விசிறிக்கொண்டிருந்தேன். ஒன்பது அடித்துவிட்டது. வைப்பின் கரையில் பலகை இறங்கியது. உதைத்தேன். இருமவில்லைகூட. உதைத்தேன். பின்னால் கார்கள் ஹாரன் அடித்தன. "தள்ளி மாற்று சேட்டா!" "ஆனையைக் கொண்டுவந்திருக்கான், பாகனைக் காணோம்!" ஒரு உதையில் வண்டி திருப்பி உதைத்தது, கணுக்காலில் மின்னல் ஓடியது. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று. வேட்டி அவிழும் கட்டத்துக்கு வந்துவிட்டது. பூசாரி இறங்கி, தட்டோடு என் முன்னால் வந்து நின்றான்.

"எழுமா?"

"எழும்."

"எப்போ?"

அந்தக் கேள்விக்கு எனக்கு பதில் தெரியும். ஒரு சாயா, ஒரு சரமப் பக்கம்.

பக்கத்தில் ஒரு மீன்காரம்மா, பின்னால் ஐஸ் பெட்டி கட்டிய பழைய ஸ்கூட்டரில், என்னைத் தாண்டிப்போக வழி பார்த்துக்கொண்டிருந்தார். பூசாரி அவரிடம் இரண்டு வார்த்தை சொன்னான். அவர் தட்டைப் பார்த்தார், காலால் செருப்பைக் கழற்றிக் கீழே விட்டார், "கேறு" என்றார். ஐஸ் பெட்டிக்கும் அவருக்கும் நடுவே அந்தப் பெரிய உடம்பு எப்படிப் போயிற்றோ. பெருவிரலால் பொத்தானை அழுத்தினார். ஸ்கூட்டர் கிளம்பியது. சத்தம்கூட இல்லை. அயிலை மீன் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

நான் அவருடைய செருப்பை எடுத்து வண்டியின் ஹாண்டில்பாரில் மாட்டிக்கொண்டு தள்ள ஆரம்பித்தேன். தள்ளும்போதுதான் அதன் உண்மையான எடை தெரியும். மண்டபத்தின் தென்னை தெரிந்தது, கூரை தெரிந்தது, நாதஸ்வரம் கேட்டது. சாதாரண வாசிப்பு. அது சாதாரணமாக இருக்கும்வரை தாலி கட்டவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு அடிக்கும் காதைத் தீட்டிக்கொண்டு தள்ளினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. தவில் ஒரு கணம் நின்றது. நடுரோட்டில், ஒரு பெண்பிள்ளைச் செருப்போடு, அசையாமல் நின்றேன்.

கெட்டிமேளம்.

மதிற்சுவரில் வண்டியைச் சாய்த்து, நானும் சாய்ந்துகொண்டேன். தாய்மாமன் பக்கத்தில் இல்லாமல் நடந்த முகூர்த்தம். ஆனால் நடந்துவிட்டது. சும்மா ஒரு தடவை, பழக்கதோஷத்தில், உதைத்துப் பார்த்தேன். முதல் உதையிலேயே எழுந்தது.

பந்தியில் அக்கா எனக்கு எதிரே உட்கார்ந்து, தன் இலையில் இருந்த பழத்தை என் இலையில் வைத்தாள். அது அவளுக்கு அதிகம். பூசாரி மீன்காரம்மாவைப் பந்தியில் உட்கார்த்திவைத்து, இரண்டாம் பாயசத்துக்குச் சிபாரிசு செய்துகொண்டிருந்தான். சம்பந்திகளுக்கு ஒன்றும் தெரியாது என்று நாங்கள் எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிட்டோம். ரசம் ஊற்றும் நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா வந்து என் பக்கத்தில் நின்றார். கருகிய வேட்டியையும், வீங்கிய கணுக்காலையும் நிதானமாகப் பார்த்தார்.

"இதுக்குப் போயி இம்புட்டுப் பாடு பட்டியளாக்கும், அண்ணாச்சி? எங்க ஊர்ல தாலி வரச் சுணங்குனா, ஒரு மஞ்சக் கெழங்க நூல்ல கட்டி முகூர்த்தத்த முடிச்சிருவோம். பொன்ன மத்தியானம் கோத்துக்கிட்டாப் போச்சு. உங்க அக்கா மொகத்தப் பாத்த ஒடனே கெழங்கு, நூலு எல்லாம் எடுத்து வச்சாச்சு. சொல்லலாம்னுதான் வெளிய வந்தேன். நீங்க அந்த வண்டிய உதைச்சுக்கிட்டு நின்ன நிப்பப் பாத்தேன். சரி, மனுசன் ஆசையாக் கெளம்புதாரு, எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."